நோட்டில் ஜெனரலின் முகம்

மேற்கு ஆப்பிரிக்க நாடொன்றை ஆண்ட ஜெனரல் அடோம்பிலாவுக்கு மார்பெங்கும் பதக்கம், மண்டைக்குள் காற்று. தேர்தல் நெருங்கியதும், மத்திய வங்கி ஆளுநரான டார்க்வாவை அழைத்தார்.

"வீட்டுக்கொரு மூட்டை பணம் கொடுக்கப்போகிறேன். அச்சடி! மறுத்தால் சிறை."

பொருளாதாரம் கற்ற டார்க்வா, இவரிடம் விலைவாசியைப் பேசுவது வீண் என்று கண்டு, பணிவாகக் குனிந்தார்.

"அப்படியே ஆகட்டும், ஐயா. வழக்கம்போல் நோட்டில் தங்கள் திருமுகம்தானே?"

"பின்னே, உன் மூஞ்சியா?"

"மூட்டை மூட்டையாய் அடித்தால் நோட்டு வெறுங்காகிதமாகிவிடும். சந்தைப் பெண்கள் அதில்தான் வறுத்த கடலையை மடிப்பார்கள். தின்றவர்கள் நோட்டிலுள்ள தங்கள் திருமுகத்தில் கைதுடைத்துத் தெருவில் எறிவார்கள், ஐயா."

ஜெனரலின் கை தானாகவே கன்னத்தைத் துடைத்தது.

"அச்சு வேண்டாம்," என்றார்.

நாட்டின் பணம் தப்பியது. பொருளாதாரம் நுழையாத அந்தத் தலைக்குள் முகத்தைப் பற்றிய கவலை மட்டும் தாராளமாக நுழைந்தது.