முயல் திருப்பிக் கொடுக்க வந்த போன்

ஒரு காட்டுக் குளக்கரையில் குள்ளநரி ஒன்று செல்போன் கடை போட்டது. படம் பிடிக்கும், பாட்டுப் பாடும், இருட்டில் வெளிச்சம் காட்டும் என்று நாள் முழுக்கக் கூவியது. விலங்குகள் வேடிக்கை பார்த்தன. தண்ணீர் குடித்துவிட்டுப் போயின. ஒன்றுகூட விற்கவில்லை.

நரி யோசித்தது. அந்தக் காட்டில் சிறுத்தை வந்தால் மர உச்சியிலிருந்து மந்தி குரல் கொடுக்கும். அதைக் கேட்டுத்தான் மற்றவை ஓடி ஒளியும். நரி அந்த மந்திக்கு ஒரு போனைச் சும்மா கொடுத்தது. மானுக்கும் மயிலுக்கும்கூடக் கொடுத்தது.

"இனி எதற்குத் தொண்டை கிழியக் கத்துகிறாய்? இதில் தட்டிவிடு, போதும்" என்றது மந்தியிடம்.

மந்திக்கு அது சௌகரியமாக இருந்தது.

செவந்தி என்ற முயலுக்கு இரண்டு குட்டிகள். ஒரு மாலை மூன்றும் புல் மேய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற மானும் மயிலும் திடீரென்று ஓட்டம் பிடித்தன. ஏன் என்று செவந்திக்குப் புரிவதற்குள் சிறுத்தை மூத்த குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

செவந்தி மந்தியிடம் போய் அழுதது.

"நான் அனுப்பினேனே அக்கா. உங்களிடம்தான் போன் இல்லை" என்றது மந்தி. அதற்கும் வருத்தம்தான்.

மறுநாள் கடையில் கூட்டம் தாங்கவில்லை. படம் எப்படி விழும் என்று யாரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு போன் கிடைத்தால் போதும் என்றிருந்தது. செவந்தியும் மழைக்காலத்துக்குச் சேர்த்துவைத்த கிழங்கையெல்லாம் கொடுத்து ஒன்று வாங்கியது.

அதன்பிறகு போன் ஓயாமல் சிணுங்கியது. மயில் தன் தோகையைப் படமெடுத்து அனுப்பியது. கரடி தான் கண்ட தேனடையை அனுப்பியது. எது சிறுத்தை பற்றிய செய்தியோ என்று பயந்து செவந்தி ஒவ்வொன்றையும் பார்த்தது. அப்படிக் குனிந்திருந்த ஒரு பொழுதில் இளைய குட்டியும் போயிற்று. மர உச்சியில் மந்தியும் அப்போது போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. செய்தி அனுப்ப ஆளில்லை.

போனைத் திருப்பிக் கொடுக்கச் செவந்தி கடைக்கு வந்தது. நரி கோபப்படவில்லை.

"தாராளமாக வைத்துவிட்டுப் போம்மா. நாளைக்குச் சிறுத்தை வந்தால் உனக்கு யார் சொல்வார்கள்?"

செவந்தி போனைக் கீழே வைத்தது. குரல் கொடுக்கும் பழக்கமே இப்போது காட்டில் எவருக்கும் இல்லை. வைத்த போனை மறுபடி எடுத்துக்கொண்டு, குட்டிகள் இல்லாத வளைக்குத் திரும்பியது.

பொருள் நன்றாக இருக்கிறதென்று வாங்குபவரைவிட, தான் மட்டும் விடுபட்டுவிடுவோமோ என்று பயந்து வாங்குபவரே அதிகம். அந்தப் பயத்தை எந்தக் கடைப்பொருளும் தீர்ப்பதில்லை.