இன்னும் வராத எழுத்து

தூத்துக்குடியில் ஸ்பானிஷ் வகுப்பு நடத்திய தண்டபாணி சாருக்குத் தன் எழுத்தில் பிழையே வராது என்று கர்வம். கப்பல் வேலைக்காகப் படிக்க வந்த ஜெசிந்தா கடைசி பெஞ்சுக்காரி.

ஒருநாள் சார், 'வந்தேன்' என்பதற்கான ஸ்பானிஷ் சொல்லைப் பலகையில் llegé என்று எழுதினார்.

"ஜெசிந்தா, எழுதியிருக்கிறதை அப்படியே வாசி. தப்பினா பரீட்சை எழுத விடமாட்டேன்."

"யெஹே" என்றாள்.

"மண்டு! அது 'யெகே'!"

"e-க்கு முன்னால g தனியா நின்னா 'ஹ' ஓசைதானே சார்? 'க' ஒலிக்க நடுவில ஒரு u வரணும். நீங்க வந்துட்டீங்க, u இன்னும் வரல."

வகுப்பே சிரித்தது. பலகையைத் திரும்பிப் பார்த்த சாரின் முகம் சுருங்கியது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். llegué என்று திருத்தினார்.

"நாளைக்கு நம்ம வகுப்பைப் பார்க்க வர்ற ஸ்பெயின் விருந்தாளிங்க முன்னாலயும் இப்படித்தான் எழுதியிருப்பேன். மானத்தைக் காப்பாத்தின, நன்றிம்மா" என்று கைகூப்பினார்.

ஜெசிந்தா கப்பலேறிய நாளில் துறைமுகம்வரை வந்து வழியனுப்பியவரும் அவர்தான்.