இசக்கியின் பெட்டி

"கொட்டு வாங்காம ஒரு தேன்பெட்டியைத் திறக்க முடியுமா ஆசானே? முடியும்னா சொல்லும். முடியாதுன்னா இப்பவே மண்ணெண்ணெயை ஊத்திக் கொளுத்திருதேன்."

கேட்டவர் கோலப்பன். தேங்காய் வியாபாரி. ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. மேலுதடு பணியாரம் மாதிரி உப்பியிருந்தது.

மாசிலாமணி ஆசான் அவரைவிட வயதில் சின்னவர். யாருக்கும் அடங்காத தேனீக்களை ஊரார் அவரிடம்தான் கொண்டுபோய் விடுவார்கள்.

"யார் பெட்டி அண்ணாச்சி?"

"என் வீட்டுக்காரி இசக்கியோட பெட்டி."

"அவங்க திறந்தா கொட்டுமா?"

"அவ திறந்தா கோழிக்குஞ்சு மாதிரி கையில ஏறி நடக்கும்."

"அப்ப அவங்களையே திறக்கச் சொல்லுங்க."

சந்தையில் கோலப்பன் தொண்டையைச் செருமினாலே லாரிக்காரன் விலையை இறக்குவான். இப்போது அந்தத் தொண்டையே தணிந்து பேசியது.

"அவ தம்பி வீட்டுக்குப் போயிட்டா. வாய்த்தகராறு. ஞாயித்துக்கிழமை பெட்டியை எடுக்க வாறாளாம்."

கோலப்பன் ஒரு அடி கிட்டே வந்தார்.

"பெட்டி நல்லா இருக்கணும் ஆசானே. அதுவும் போச்சுன்னா, என் வீட்டுப் படியை மிதிக்க அவளுக்கு வேற காரணமே இல்ல."

"கொளுத்திருவேன்னு சொன்னீங்களே?"

"அது வாய் சொல்லிச்சு."

ஆசான் ஈக்களை அமர்த்தும் புகைப்பானை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"நீங்க எப்படித் திறப்பீங்களோ, அப்படியே திறங்க. நான் பாக்கேன்."

கோலப்பன் பெட்டியின் வாசலுக்கு நேரே போய் நின்றார். விரல்முட்டியால் பலகையைத் தட்டினார். டொக், டொக். காதை வைத்துக் கேட்டார்.

ஒரு ஈ வந்து மணிக்கட்டில் கொட்டியது.

"சவமே!" என்று ஓங்கி அடித்தார்.

அவ்வளவுதான். பெட்டியே கிளம்பி வந்தது.

வேலி ஓரப் புன்னை மரத்தடியில் அவரை உட்காரவைத்து ஆசான் தேங்காய்நார்ப் புகையை மேலெல்லாம் காட்டினார்.

"எதுக்குத் தட்டினீங்க?"

"உள்ள தேன் இருக்கான்னு பாக்கத்தான். தட்டிப் பாக்காம எவனாவது தேங்கா வாங்குவானா?"

ஆசான் விரலை மடக்கி, கோலப்பனின் வழுக்கைத் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

டொக்.

"எலேய்! யாரு தலையில கை வைக்கே?" கோலப்பன் துள்ளி எழுந்தார். ஓங்கிய கை ஆசானின் முகத்துக்கு நேரே நின்றது.

"உள்ள ஆள் இருக்கு" என்றார் ஆசான்.

கை தானாக இறங்கியது.

கோலப்பன் மறுபடி உட்கார்ந்து முணுமுணுத்தார்: "ஒரு தட்டுக்கு இத்தனை கொட்டா? இது என்ன நியாயம்?"

"முதல் கொட்டு ஈ கொட்டினது அண்ணாச்சி. மிச்சமெல்லாம் நீங்க கூப்பிட்டது."

"நானா கூப்பிட்டேன்?"

"அடிச்சு நசுக்கினீங்கல்லா. நசுங்கின ஈ ஒரு மணத்தை விட்டுட்டுச் சாவும். 'இங்கதான், இங்கதான்'னு. கூட்டம் பூரா அந்த மணத்துக்குத்தான் வரும்."

"பின்ன, கொட்டினா சிரிச்சுக்கிட்டு நிக்கவா?"

"சிரிக்க வேண்டாம். கொடுக்கை நகத்தால வழிச்சு எடுங்க. அந்த இடத்துல புகையைக் காட்டுங்க. விட்ட வேலையைப் பாருங்க."

"கோவம் வருமே ஆசானே."

"வரட்டும். கையை வீசாதீங்க."

மறுநாள் ஆசான் சொன்னபடி கோலப்பன் தலைக்கு வாசனை எண்ணெய் வைக்கவில்லை. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டார். வெயில் ஏறி ஈக்கள் மேயப் போன பிறகு, பெட்டிக்குப் பின்பக்கமாகப் போய் மூடியைத் தூக்கினார். ஒன்று கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு வழித்தார். புகை காட்டினார். அடுத்த தேனடைச் சட்டத்தை மெதுவாக எடுத்தார்.

சந்தையில் அன்றைக்கு அவர் குரலை உயர்த்தவே இல்லை. அண்ணாச்சிக்கு உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் இசக்கி வந்தாள். வாசலில் ஆட்டோ நின்றது. அந்தியில் ஈயெல்லாம் வந்து அடைந்த பிறகுதான் பெட்டியை நகர்த்த வேண்டும். பெட்டியின் வாசலை அடைத்துக் கொடுக்க ஆசானும் வந்திருந்தார்.

அவள் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். புது அடை. சுத்தமான பலகை. ஒரு எறும்பு கிடையாது.

"யாரு பாத்துக்கிட்டா?"

"நான்தான்."

"நீங்களா?" அவள் திரும்பவில்லை. "ஊரையே பேசிக் கவுத்த வாயி. ஈயையும் கவுத்தாச்சா?"

பட்டது. எந்த ஈயும் எட்டாத இடத்தில் பட்டது.

'ஏட்டி' என்ற அதட்டல் கோலப்பனின் தொண்டை வரை வந்துவிட்டது. அதன் பின்னால் ஒரு கூட்டமே நின்றது.

அவர் எதுவும் கொட்டாத மணிக்கட்டை நகத்தால் மெதுவாக வழித்தார்.

வழக்கமான சத்தம் வராததால் இசக்கி திரும்பிப் பார்த்தாள்.

"என்ன, கொட்டிச்சா?"

"ம்."

"எங்க? காட்டுங்க."

அவர் கையைப் பிடித்து, கண்ணருகே கொண்டுபோய்த் தேடினாள். கொடுக்கு இல்லை. தடிப்பு இல்லை. ஒன்றுமே இல்லை. இருந்தும் தேடிக்கொண்டே இருந்தாள்.

இருட்டத் தொடங்கியது. பெட்டியின் வாசலில் ஒரு ஈ நடமாட்டம் இல்லை. தெருவில் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

"எல்லாம் அடைஞ்சாச்சு போலயே" என்றார் ஆசான். "வாசலை அடைச்சிரட்டுமாம்மா?"

இசக்கி கையை விடவில்லை.

"இன்னும் வரவேண்டியது இருக்கு ஆசானே. ஆட்டோவைப் போகச் சொல்லும்."