முப்பது கிலோ கவசம்

கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வையாபுரி ஃபோர்மேன். இருபத்தெட்டு வருஷமாகத் தகரத்தோடு மல்லுக்கட்டுகிற மனுஷன், ஐம்பத்து மூணு வயசில் போய் ஒரு விளையாட்டுக்குச் சிஷ்யனாகச் சேர்ந்தார். குரு யாரென்றால், மூக்குக் கண்ணாடிக் கடை நஸ்ரின். வயசு இருபத்தேழு.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. மத்தியானம் மூன்று மணிக்குக் கடை மாடியில் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். ஆளுக்கொரு காகிதம், அதில்தான் அவரவர் வீரனோ வீராங்கனையோ இருப்பது. கதையை நஸ்ரின் சொல்வாள், பூதங்களை அவள்தான் ஏவுவாள். அடி பட்டதா இல்லையா என்று இருபது முகப் பகடை சொல்லும். பட்டால் காகிதத்தில் இருக்கிற உயிர் எண்ணை ரப்பரால் அழித்துவிட்டுக் குறைத்து எழுத வேண்டும். ஆட்டத்தை நடத்துகிறவள் என்பதால் எல்லோருக்கும் அவள் மாஸ்டர். வையாபுரிக்கும்தான்.

அவரை இழுத்து வந்தது, முன்பே அங்கே ஆடிக்கொண்டிருந்த மகள் சிந்துஜா. அம்மா போய் ஆறு மாசம் ஆகியும் மனுஷர் டிவியும் பேப்பருமாக உட்கார்ந்திருந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. சாவு வீட்டில் அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. 'கல்லு மாதிரி நின்னாரப்பா' என்று சொந்தபந்தம் மெச்சியது. ஆஸ்பத்திரிக்கு அலைந்தது, அழுது விழுந்த சித்திமாரைத் தாங்கிப் பிடித்தது, பீரோவைத் திறந்து சேலைகளை எடுத்துக் கொடுத்தது எல்லாம் சிந்துஜா.

முதல் நாளே வையாபுரி கேட்டார்.

"இதுல அடி படாம இருக்கோணும்னா என்னங்க மாஸ்டர் வழி?"

"கேட்டுட்டீங்கல்ல அங்கிள். காட்டறேன்" என்றாள் நஸ்ரின்.

அவள் காட்டுகிற வரைக்கும் காத்திருக்கிற ஆளா அவர்? விதிப் புத்தகத்தைப் பிரிண்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் பண்ணி, பென்சிலும் கையுமாக உட்கார்ந்தார். தலையிலிருந்து கால்வரை மூடுகிற இரும்புக் கவசம் ஒன்று அதில் இருந்தது. முப்பது கிலோ. எங்கே மடிப்பு வரும், எங்கே ரிவிட் வரும் என்று பட்டறைத் தரையில் சாக்பீஸால் படமே போட்டுவிட்டார். அதற்குமேல் வழியில் கிடைத்த கேடயம், காப்பு மோதிரம் எல்லாவற்றையும், முன்னால் நிற்கிறவன் நான்தானே என்று சொல்லி அவரே வாங்கிக்கொண்டார். சுமை கூடிப்போனதும் தன்னிடமிருந்த கயிற்றைத் தூக்கி மகளிடம் கொடுத்துவிட்டார்.

பதினோரு மாசம். ஒரு அடி அவர்மேல் பட்டதில்லை. பூதம் ஓங்கும், நஸ்ரின் பகடையை உருட்டுவாள், டங்கென்று சத்தம் வரும், அவ்வளவுதான். நம்மளை அசைக்க முடியுமா என்று மீசையை நீவிக்கொள்வார். சிந்துஜாவின் வீராங்கனை பேர் வன்னி. வைத்தியக்காரி. மெல்லிய துணிதான் உடுப்பு. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நிற்பாள்.

அன்றைக்கு முகூர்த்த நாள். கூட ஆடுகிற மற்ற இரண்டு பேரும் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் மேசையில் அப்பனும் மகளும் மட்டும். கதையில் ஓர் ஆற்றுப் பாலம். முதலை முகப் பூதம் ஒன்று எதிரே வந்தது. வையாபுரியை இரண்டு தரம் அடித்தது. டங், டங். பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு போய் வன்னியை ஒரே அடியில் ஆற்றுக்குள் தள்ளிவிட்டு, வந்த வழியே போய்விட்டது.

வன்னிக்கு நினைவில்லை. தண்ணீருக்குள் போய்க்கொண்டிருக்கிறாள். இந்த நிலைமையில் முறைக்கு ஒருதரம் பகடை போட வேண்டும்; பத்துக்குக் கீழே மூன்று தரம் விழுந்தால் ஆள் காலி. அந்த மேசையில் செத்தவர்கள் திரும்பி வருவதில்லை. காகிதத்தை மடித்துக் காலிக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடிவிடுவார்கள். அலமாரியில் அப்படி நாலு கூடு இருக்கிறது. வன்னியை சிந்துஜா மூன்று வருஷமாக வைத்திருக்கிறாள். காகிதத்தின் மூலையில் வன்னியின் முகத்தை வரைந்து கொடுத்தது சிந்துஜாவின் அம்மா.

வையாபுரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"குதிக்கறேங்க."

"தாராளமா. முப்பது கிலோ இரும்பு. அவளுக்கு முன்னால நீங்க அடியில இருப்பீங்க."

கயிறு வீசலாம் என்று தன் காகிதத்தைப் பார்த்தார். 'கயிறு' என்று எழுதி, அவர் கையாலேயே கோடு போட்டு அடித்திருந்தார். அது வன்னியின் தோளில் ஆற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அப்பக் கழட்டிட்டுக் குதிக்கறேன்."

"எவ்வளவு நேரமாகும்னு புக்கைப் பாருங்க."

பார்த்தார். இடது பக்கம் பூராவும் பென்சில் கோடு. வலது பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை; அந்தப் பக்கத்தை அவர் படித்ததே இல்லை. கழற்ற ஐந்து நிமிஷம் என்று போட்டிருந்தது. ஆட்டத்தில் ஒரு முறைக்கு ஆறு விநாடி. ஐம்பது முறை. மனசுக்குள் மறுபடியும் வகுத்துப் பார்த்தார், ஐம்பதுதான்.

நஸ்ரின் தன் போனில் ஐந்து நிமிஷ டைமர் வைத்து, அவர் முன்னால் நிறுத்தினாள்.

"கழட்டுங்க அங்கிள்."

சிந்துஜா பகடையை உருட்டினாள். ஏழு. மறுபடி உருட்டினாள், பதினாலு. வையாபுரி மூச்சு விட்டார். அடுத்தது மூன்று. அதற்கடுத்தது ஒன்பது.

அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வன்னி செத்துப்போனாள். சிந்துஜா பகடையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போனில் இன்னும் நாலரை நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக் கை நீட்டினார் வையாபுரி. நஸ்ரின் குறுக்கே கையை வைத்தாள்.

"நீங்க இன்னும் கழட்டி முடிக்கல."

ஆட்டந்தானே என்று சொல்ல வாயெடுத்தவர், கழற்ற ஆரம்பித்தார். தகரம் தெரிந்த மனுஷன் அல்லவா, எந்தக் கொக்கி எங்கே என்று அவருக்கு அத்துப்படி. முதலில் கையுறை, பிறகு தோள். மார்புத் தகட்டுக்குப் பக்கத்துக்கு மூன்று தோல்வார். மேசைக்கு அடியில் அவர் விரல்கள் நிஜமாகவே எதையோ அவிழ்த்துக்கொண்டிருந்தன. ஆற்றில் யாரும் இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவர் ஆயுசில் அத்தனை நீளமான நாலரை நிமிஷம் வந்ததில்லை.

போன் அடித்தது.

சிந்துஜா காகிதத்தை மடிக்கப் போனாள். "கொஞ்சம் குடு சாமி" என்று வாங்கிப் பார்த்தார் வையாபுரி. உயிர் எண் எழுதுகிற இடத்தில் எண் இல்லை. அழித்து அழித்து எழுதியதில் தாள் தேய்ந்து, அங்கே விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. பக்கத்தில் அவருடைய காகிதம். முதல் நாள் எழுதிய எண், எழுதியபடியே பளிச்சென்று இருந்தது.

இரண்டு காகிதத்தையும் மேசையில் சேர்த்து வைத்தார்.

"மாஸ்டர், இந்தப் பதினோரு மாசத்துல என்னை எத்தனை தடவை அடிச்சிருப்பீங்க?"

"நூறு தடவை இருக்கும்."

"ஒண்ணுகூட என்மேல படலீங்களே. அத்தனை அடியும் எங்க போச்சு?"

நஸ்ரின் காலிக் கண்ணாடிக் கூடு ஒன்றை எடுத்துத் திறந்து, மேசை நடுவில் வைத்தாள்.

"எங்கிட்டக் கேக்காதீங்க அங்கிள். பக்கத்துல உக்காந்திருக்கா, அவளைக் கேளுங்க."