மாவுக்குப் பொன் காட்டிய கதை

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் யாராவது ஒருவர் அதை அப்படியே செய்துவிடுவார். அதனால் அவர்கள் மூன்று பேரும் கொல்லைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

மூன்று பேர் என்றால் என் வீட்டுக்காரர் இன்னாசி, அவருக்கு அடுத்தவர் சவரியப்பன், கடைக்குட்டி மதலைமுத்து. மலைமேல் இருக்கும் கூழாங்காடு எங்கள் ஊர். மூவரும் நல்லவர்கள். சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். கஷ்டமே அதுதான்.

ஒரு தடவை சவரியப்பன் பஸ்ஸில் ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டார். தலையை வெளியே நீட்டாமல் எப்படி இறங்குவது என்று புரியாமல் பஸ்ஸோடு டெப்போவுக்குப் போனார். அங்கே பஸ்ஸைக் கழுவினார்கள், அவரும் கழுவப்பட்டார். மறுநாள் அதே பஸ்ஸில் ஊருக்கு வந்தும் இறங்கவில்லை. டிரைவரும் கண்டக்டரும் படுக்கவைத்து இழுத்துப் போட்டார்கள். ‘நானா நீட்டலை, அவங்கதான் நீட்டினாங்க’ என்று அவருக்கு இன்றுவரை திருப்தி. அவருக்கும் மதலைமுத்துவுக்கும் ஏன் இன்னும் பெண் அமையவில்லை என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இவர்களுக்கு ஒரே தங்கை அருளாயி. கீழே சமவெளியில் கட்டிக்கொடுத்தது. பல கிறிஸ்மஸாக அவள் தாய்வீட்டுக்கு வரவில்லை. மாமியார் விடவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒருநாள் போன் செய்து அழுதாள்.

“மதினி, இந்தத் தடவை அத்தையும் கூட வர்றாங்க. ‘அண்ணன்மாரு மூணு பேர் இருந்தும் ஒரு பலகாரம் செஞ்சு தரத் துப்பில்லாத வீடு, இந்தத் தடவையும் அப்படித்தான்னா இனிமே நீ மலையேறவே வேண்டாம்’னு சொல்லிட்டாங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், அண்ணன்மாரை மட்டும் அடுப்படிக்குள்ள விட்டுறாதீங்க.”

விடமாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்தேன். கிறிஸ்மஸ் நெருங்குகிற சமயத்தில் கொல்லைப் படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. நான் கட்டிலில். அவர்கள் அடுப்படியில்.

கறியும் சோறும் பக்கத்து வீட்டு சலேத்தம்மா பார்த்துக்கொள்கிறேன் என்றாள். இனிப்புதான் மிச்சம். அதிரசம், முறுக்கெல்லாம் சம்பந்தியம்மா எங்களைவிட நன்றாகச் செய்வார். அதனால் அவர் கண்ணாலேயே பார்த்திராத ஒன்றைச் செய்துவிட்டால் குறை சொல்ல வழியில்லை என்று யோசித்தேன். சின்ன வயதில் நான் கன்னியர் மடத்து அடுப்படியில் எடுபிடி வேலை பார்த்தவள். அங்கே கிறிஸ்மஸுக்குக் கிரம்பிள் செய்வார்கள். ஒன்றுமில்லை, பழத்தை அரிந்து சர்க்கரை தூவி, அதன்மேல் மாவையும் வெண்ணெயையும் உதிர்த்துப் போட்டு வேகவைப்பதுதான். எங்கள் கொல்லையில் கொய்யா காய்த்துத் தொங்கியது. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டே சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று நம்பினேன்.

“முதல்ல வெண்ணெய் நல்லாக் குளிர்ந்திருக்கணும்” என்று சத்தமாகச் சொன்னேன்.

மூவரும் வெண்ணெயை முற்றத்தில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“குளிர்ந்திருச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?” என்றார் மதலைமுத்து.

“குளிர்ந்தா நடுங்கும்” என்றார் சவரியப்பன்.

வெகுநேரம் பார்த்தார்கள். வெண்ணெய் நடுங்கவில்லை.

“அது வெட்கப்படுது. நாம யாராவது துணைக்கு இருந்து பார்க்கணும்” என்று என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு மார்கழிப் பனியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் குந்தினார். அவருக்குப் பல் கிட்டித்ததும் வெண்ணெயும் குளிர்ந்துவிட்டது என்று மற்ற இருவரும் தீர்மானித்தார்கள். வெண்ணெயை உள்ளே கொண்டுபோனார்கள். அவரை யாரும் உள்ளே கூப்பிடச் சொல்லவில்லை என்பதால் அவர் அங்கேயே இருந்தார். சலேத்தம்மா பார்த்துப் போர்வை கொடுத்து உள்ளே அனுப்பினாள்.

அடுத்தது மாவு. “விரல் நுனியால உதிருங்க. உள்ளங்கை படக்கூடாது, சூட்டுக்கு வெண்ணெய் உருகிடும்” என்றேன்.

அந்தப் பக்கம் பெரிய யோசனை நடந்தது.

“விரல் போற இடத்துக்கெல்லாம் உள்ளங்கையும் பின்னாலயே வருதே சின்னண்ணே.”

“எல்லா விரலையும் விட்டா வரும்டா. ஒத்தை விரலை விட்டா அதுக்குத் தெரியாது.”

ஆகவே ஆளுக்கு ஒரு விரல் விட்டார்கள். மூன்று விரலுக்கு அவ்வளவு மாவு அசைவேனா என்றது. அந்த நேரம் பார்த்துக் கேரல் பாட ஆட்கள் வந்தார்கள். பாடி முடித்தவர்களை மதலைமுத்து உள்ளே அழைத்துப்போய், “காணிக்கை அப்புறம் தர்றோம், இப்ப ஆளுக்கு ஒரு விரல் குடுங்க” என்று கேட்டார். நல்ல நாளில் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? தாம்பாளத்தைச் சுற்றிக் கூட்டமாக நின்று இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு விரல் கொடுத்தார்கள். “யாருப்பா என் விரலை உதிர்க்கிறது?” என்று ஒரு குரல் கேட்டது. தபேலா வாசிப்பவர் விரலுக்கு மட்டும் தாளம் நிற்கவேயில்லை. மாவு நன்றாக உதிர்ந்ததற்கு அவர்தான் காரணம் என்று இப்போதும் சொல்கிறார்கள்.

கிறிஸ்மஸ் அன்று காலைப் பூசை முடிந்து வந்ததும் அடுப்புக் கூட்டினார்கள். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. கொல்லையில் மூன்று செங்கல் வைத்து, பித்தளைப் போசியை ஏற்றி, மூடிமேல் தணல் அள்ளிப் போடுவதுதான் வழக்கம். “கீழயும் நெருப்பு இருக்கணும், மேலயும் நெருப்பு இருக்கணும்” என்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சவரியப்பன் முக்காலிமேல் ஏறி, இரும்புச் சட்டியில் தணலை ஏந்திக்கொண்டு போசிக்கு மேலே நிற்கிறார். மற்ற இருவரும் ஆளுக்கு ஒரு முழங்கையைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள்.

“தம்பி, அதை மூடிமேல வைக்கக்கூடாதா?”

“வச்சா மூடிமேல இருக்கும் மதினி. நீங்க மேலன்னுதான சொன்னீங்க?”

வாக்குவாதம் செய்தால் நேரமாகும். மூடிமேல் வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். “பொன்னிறம் வந்ததும் இறக்குங்க. சும்மா சும்மா மூடியைத் திறக்காதீங்க, சூடு போயிரும்” என்று சொல்லிவிட்டுக் கண்ணயர்ந்தேன்.

மதலைமுத்து வந்து எழுப்பினார்.

“மதினி, எந்தப் பொன்?”

“எந்தப் பொன்னா இருந்தா என்ன தம்பி?”

“அதெப்படி? பெரியண்ணன் பழைய பொன்னுங்கிறாரு. சின்னண்ணன் கவரிங்கே போதுங்கிறாரு. கவரிங் கருத்துப் போகும். அப்ப இதையும் கருக விடணுமே?”

அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருந்ததுபோல எனக்குத் தோன்றிவிட்டது. வலியில் இருந்தேன். வலது காதுக் கம்மலைக் கழற்றி, “பார்த்துட்டு உடனே கொண்டாங்க” என்று கொடுத்தேன்.

அவர்கள் பார்க்கத்தான் வாங்கிப்போனார்கள். ஆனால் மூடியைத் திறக்கக்கூடாது. மூடிக்கு வெளியே கம்மலும் மூடிக்கு உள்ளே மாவும் இருந்தால் எப்படி ஒப்பிடுவது? என் வீட்டுக்காரர்தான் வழி கண்டுபிடித்தார்.

“நாம எதுக்குப் பார்க்கணும்? கம்மலை உள்ள போட்டுருவோம். மாவு அதைப் பார்த்துத் தானா அந்த நிறத்துக்கு வந்துக்கிடும்.”

ஒரே ஒரு தடவை திறந்து, மாவுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி நடுவில் வைத்து மூடினார்கள்.

அருளாயியும் சம்பந்தியம்மாவும் வந்து சாப்பிட உட்கார்ந்தாகிவிட்டது. நான் முந்தானையால் காதை மூடிக்கொண்டு நொண்டி நொண்டிப் போய் என் வீட்டுக்காரரிடம் கம்மலைக் கேட்டேன்.

“பயப்படாத பிரகாசி, உள்ளதான் இருக்கு.”

“எடுத்துக் குடுங்க.”

“தேடிப் பார்த்தோம். நிறம் அவ்வளவு சரியா வந்திருச்சு, எது மாவு எது கம்மல்னு தெரியலை.”

கம்மல் போனால் போகட்டும். சம்பந்தியம்மா அதைக் கடித்துப் பல் உடைந்தால்? விழுங்கித் தொலைத்தால்? அருளாயி பிறந்த வீட்டுப் படியை மிதிப்பது அன்றோடு சரி. அதற்குள் சவரியப்பன் பரிமாறிவிட்டார். முதல் மரியாதை சம்பந்தியம்மாவுக்குத்தானே, நடுப்பங்கு அவர் தட்டில்.

மூன்று பேரும் அவர் எதிரே வரிசையாகக் குந்தி, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன இப்படிப் பார்க்குறீங்க?” என்றார் சம்பந்தியம்மா.

“நீங்க மெல்லுங்க அத்தை, மெதுவா மெல்லுங்க” என்றார் மதலைமுத்து.

“ஏன் பிரகாசி, உனக்குக் காதுல என்ன?”

“காது குத்தல் அத்தை. பனி.”

அவர் மென்றார். சட்டென்று மெல்வதை நிறுத்தினார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு எதையோ எடுத்து, முந்தானையில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். அருளாயி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

சம்பந்தியம்மாவின் முகம் மெதுவாக மலர்ந்தது.

“அடி அருளாயி, உங்க அண்ணன்மாருக்குச் சீர் செய்யத் தெரியாதுன்னா நான் சொன்னேன்? பலகாரத்துக்குள்ளயே பொன் வச்சுத் தர்ற வீட்டை நான் இந்த வயசுக்குப் பார்த்ததில்லை.”

“நல்லா மாவுக்குத் தெரியிற மாதிரிதான் வச்சோம்” என்றார் சவரியப்பன் அடக்கமாக.

அருளாயி பொங்கல் வரைக்கும் இருந்துவிட்டு வரலாம் என்று மாமியாரே உத்தரவு கொடுத்துவிட்டார். புறப்படும்போது மட்டும் கம்மலைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டே, “ஒத்தைக் கம்மலை வச்சு நான் என்ன பண்ண? ஜோடியை அடுத்த கிறிஸ்மஸுக்கு வந்து வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு, அண்ணன்மாரு கையாலதான் செய்யணும். வேற யாரு செஞ்சாலும் அது சீர் ஆகாது” என்றார்.

இப்படித்தான் கால் நன்றாக இருந்தும் போன வருஷம் என்னால் அடுப்படிக்குள் போக முடியவில்லை. இடது காதுக் கம்மலை எண்ணி எனக்குத் தூக்கமே இல்லை. கடைசியில், பொன் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்று முடிவு செய்து, “செங்கல் நிறம் வந்ததும் இறக்குங்க” என்று சொன்னேன். செங்கல்லை யாரும் காதில் போடுவதில்லை. அதில் என்ன ஆபத்து வந்துவிடும்?

வீட்டில் எங்கே செங்கல் என்று தேடியிருக்கிறார்கள். அடுப்பில் மூன்று இருந்தன. ஒன்றை உருவினார்கள். போசி சாய்ந்தது. சாய்ந்ததை அள்ளிப் போட்டு, செங்கல்லைப் பாதியாக உடைத்து மாவுக்குத் தெரிகிற மாதிரி நடுவில் வைத்து, மிச்சச் செங்கல்லை அடுப்புக்கு முட்டுக்கொடுத்து, மறுபடியும் ஏற்றினார்கள். நிறம் வழக்கம்போல அச்சு அசலாக வந்தது. நடுப்பங்கு வழக்கம்போல சம்பந்தியம்மாவுக்குப் போனது.

அவர் கரண்டியால் தட்டிப் பார்த்தார். சுரண்டினார். மாவெல்லாம் போய் அரைச் செங்கல் தெரிந்தது. அருளாயி கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் என் கம்மலைக் கழற்றி நீட்டிவிடலாமா என்று காதில் கை வைத்தேன்.

சம்பந்தியம்மா செங்கல்லை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“போன வருஷம் பொன். இந்த வருஷம் வீடு. அடிக்கல்லே குடுத்துட்டீங்க. எத்தனை ரூம் தம்பி?”

என் வீட்டுக்காரர் தம்பிமாரைப் பார்த்தார். மூவரும் தனியாகப் போய்க் கலந்து பேசிவிட்டு வந்தார்கள்.

“இது பாதிக் கல்லுதானே அத்தை” என்றார் என் வீட்டுக்காரர். “முழுக் கல்லுக்கு எத்தனையோ, அதுல பாதி.”

நாளைக்குக் கிறிஸ்மஸ். சம்பந்தியம்மா மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம். அருளாயி சந்தோஷமாகப் போன் செய்தாள். எனக்குத்தான் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எந்த நிறத்தைச் சொன்னாலும் அந்த நிறத்தில் ஒன்று வீட்டில் இருக்கத்தானே செய்கிறது? வேப்பிலை, விளக்கெண்ணெய், என் பட்டுச்சேலை என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

யோசித்து யோசித்து இன்று காலை பத்திரமான ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். மூவரையும் கூப்பிட்டு, “இந்த வருஷம் நிறமே கிடையாது. எதையும் பார்த்துச் செய்ய வேண்டாம். பழம் பறிக்கிறதில இருந்து அடுப்புல இருந்து இறக்குற வரைக்கும் எல்லாம் பார்க்காமலே செய்யுங்க” என்று சொல்லிவிட்டேன்.

உடனே ஆளுக்கு ஒரு துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி கொல்லைக்குப் போய்விட்டார்கள். மரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் கொய்யா மரத்திலா, சலேத்தம்மா வீட்டு முருங்கையிலா என்று தெரியவில்லை. இப்போதுதான் ஒரு கிளை முறிகிற சத்தம் கேட்டது. “பெரியண்ணே, பறிச்சுட்டேன், கனமா இருக்கு” என்று மதலைமுத்து கத்துகிறார். “அது என் காலுடா” என்கிறார் சவரியப்பன்.

பரவாயில்லை. கம்மல் காதில் இருக்கிறது. தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.