எச்சில் படாத கிளாஸ்

"எரியுது டீச்சர். எரிச்சலைத் தவிர வேற ஒண்ணுமே தெரியலை."

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறுபத்தொரு வயதில், வாழ்க்கையின் முதல் விஸ்கி சற்று முன்தான் அவர் தொண்டைக்குள் இறங்கியிருந்தது. மணி காலை பதினொன்று.

டீச்சர் செலினுக்கு வயது முப்பத்தொன்று. ஓட்டல் பார்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மது பரிமாறக் கற்றுக்கொடுக்கிறாள், புதுச்சேரியில். இந்த வயதில் ஒரு மாணவர் திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வந்து நிற்பார் என்று அவள் நினைத்ததில்லை. அதுவும் கையில் நோட்டோடு.

"நோட்டுல என்ன ஐயா?"

"நெட்டுல பார்த்து எழுதினது. தேன், ஆப்பிள், வெண்ணிலா, பட்டை. எல்லாம் தெரியணுமாம். மனப்பாடம் பண்ணிட்டேன். வாயில ஒண்ணும் வரலையே."

"எதுக்கு இந்த மனப்பாடம்?"

"வர்ற ஞாயித்துக்கிழமை சம்பந்தி வர்றார்."

விஷயம் இதுதான். அவருடைய மகள் மங்கை ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போனவள், அங்கேயே ஒரு பையனைப் பார்த்து முடிவு செய்துவிட்டாள். பையனின் அப்பா இவான், ஒரு தீவில் விஸ்கி காய்ச்சுகிறவர். மகன் பிறந்த வருஷம் ஒரு பீப்பாயை அடைத்து வைத்தாராம், அவன் கல்யாணத்துக்குத் திறக்க. ஒரே ஆலையில், பார்லியை மட்டும் வைத்துக் காய்ச்சிய சரக்கு. சிங்கிள் மால்ட் என்பார்கள். அதில் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு, பெண்ணின் அப்பாவோடு ஒரு வாய் குடிக்க வருகிறார்.

"பழக்கமில்லைன்னு சொல்லிடுங்களேன். தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

"மங்கையும் அதான் சொன்னா. ஆனா மனுஷன் இருபத்தெட்டு வருஷம் காத்திருந்து கொண்டு வர்றார். வேணாம்னு எப்படிச் சொல்றது? குடிச்சுட்டு, ஆகா தேன் மாதிரி இருக்குன்னு பொய் சொல்லவும் மனசு வரலை. முதல் முதல்ல மூஞ்சி பார்க்கிற அன்னிக்கே பொய்யா டீச்சர்? என் பொண்ணு வாழப்போற வீடு."

மனிதர் நிஜமாகவே பயந்து போயிருந்தார்.

செலின் அலமாரியில் தேடி, சம்பந்தியின் தீவுப் பக்கத்துச் சரக்காகப் பார்த்து ஒரு பாட்டிலை எடுத்தாள். குறுகிய வாய் கொண்ட அதே கிளாஸில் கொஞ்சம் ஊற்றித் தள்ளினாள்.

மாசிலாமணி அண்ணாந்தார். கிளாஸைத் தூக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி, உதட்டில் படாமல் ஒரே மடக்கு.

"எரியுது."

செலின் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தாள்.

அதையும் அண்ணாந்தே குடித்தார். சட்டையில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

செலினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"ஐயா என்ன வேலை பார்த்தீங்க?"

"கம்பவுண்டர். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. முப்பத்தாறு வருஷம்."

"மருந்து எப்படிக் கொடுப்பீங்க?"

அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகத் தெம்பு வந்தது.

"ஆரம்பத்துல எல்லாம் அவுன்ஸ் கிளாஸ் ஒண்ணுதான். வர்றவங்க அத்தனை பேருக்கும் அதுலதான். வாய் வைக்காதே, எச்சில் பண்ணாதே, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து ஒரே மடக்கு, கசப்பு தெரியாதும்பேன். இன்னிக்கு நான் கிளம்பறப்ப என் சம்சாரமும் அதைத்தான் சொன்னா. மருந்துன்னு நெனச்சுக் குடிச்சுட்டு வந்துடுங்கன்னு."

"அப்படிக் குடிச்சா கசப்பு தெரியாது."

"தெரியவே தெரியாது."

"வேற எதாவது தெரியுமா?"

மாசிலாமணி காலி கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

செலின் மூன்றாவது முறை, ஒரு விரல் மொத்தத்துக்கு ஊற்றினாள்.

"எச்சில் பண்ணுங்க," என்றாள்.

"என்ன டீச்சர்?"

"வாய் வைங்க."

கிளாஸ் உதடு வரைக்கும் வந்தது. கை தானாக மேலே போனது. இறக்கினார். மறுபடியும் மேலே போனது. சொந்த வீட்டுச் சொந்த டம்ளரிலேயே வாய் வைத்தறியாத ஆள், பாவம், என்ன செய்வார்?

"அப்புறம் இதுல வேற யாராவது குடிக்கணுமே," என்று முனகினார்.

செலின் தன் கைப்பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்தாள். இன்னொரு கிளாஸைக் கவிழ்த்து, அதன் அடியில் சிவப்பாக 'மா' என்று எழுதினாள். சீர்வரிசைப் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர்களைப் போல நிதானமாக எழுதினாள். ஊதிக் காய வைத்தாள். விஸ்கியை அதற்கு மாற்றினாள்.

"இனிமே இதுல யாரும் குடிக்க மாட்டாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க."

மாசிலாமணி கிளாஸைத் தூக்கி அந்த எழுத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு விளிம்பில் உதட்டை வைத்தார்.

மூக்கும் கூடவே உள்ளே போனது.

அப்படியே இருந்தார். குடிக்கக்கூட இல்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் ஒரு சொட்டு உறிஞ்சினார்.

"என்ன தெரியுது?"

"சொன்னா சிரிப்பீங்க."

"சொல்லுங்க."

"டிங்சர் அயோடின். பஞ்சு. மழைநாள்ல ஈர விறகு புகையுமே, அந்தப் புகை." அவர் கண் கலங்கியிருந்தது, இந்த முறை எரிச்சலால் இல்லை. "என் ரூம் டீச்சர் இது. ஆஸ்பத்திரியில நான் உக்காந்திருந்த ரூம்."

அவசரமாக நோட்டைப் புரட்டினார்.

"ஆனா இதுல அப்படி எதுவும் போடலையே?"

செலின் நோட்டை வாங்கினாள். நாலாக மடித்தாள். குனிந்து மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினாள்.

மேசை ஆடுவது நின்றது.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்தது. மாப்பிள்ளையும் மங்கையும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்க, இவான் பாட்டிலைத் திறந்தார். செந்தாடி வைத்த ஆறடி மனிதர்.

மாசிலாமணி உள்ளே போய்த் தன் கிளாஸை எடுத்து வந்தார்.

வாய் வைத்தார். மோந்தார். ஒரு வாய் குடித்தார்.

இவான் ஏதோ கேட்டார்.

"எப்படி இருக்குன்னு கேக்கறார்ப்பா."

"டிங்சர் அயோடின்."

மங்கைக்கு முகம் வெளுத்துப்போனது. "அப்பா! இதை நான் எப்படி அவர்கிட்ட சொல்றது?"

சொல்ல வேண்டியிருக்கவில்லை. எந்த ஊரிலும் அயோடின் அயோடின்தான். இவான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மாசிலாமணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் பேசினார்.

"என்னடி சொல்றார்? கோவமா?"

"இல்லப்பா." மங்கை சிரித்தாள், கண்ணீரும் வந்தது. "வெளியூர்க்காரங்க யாருக்குக் கொடுத்தாலும் மரியாதைக்குத் தேன், தேன்னே சொல்றாங்களாம். அவங்க தீவோட வாசனையே அதுதானாம். நீங்கதான் நெஜத்தைச் சொல்லியிருக்கீங்களாம். உங்களுக்குப் பிடிக்காதோன்னு வழியெல்லாம் பயந்துக்கிட்டே வந்தாராம்."

மாசிலாமணி "அப்பாடா!" என்று வாய்விட்டே சொன்னார். ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. பெண் நல்ல வீட்டுக்குத்தான் போகிறாள்.

இவான் இப்போது தன் கிளாஸை எடுத்தார். போகிற இடத்தில் மரியாதை தப்பக்கூடாது என்று, இந்த ஊர் வழக்கமெல்லாம் மங்கையிடம் முன்கூட்டியே கேட்டுப் பழகியிருந்தார்.

அண்ணாந்தார். ஒரு சாண் உயரத்தில் கிளாஸைத் தூக்கிப் பிடித்தார்.

இருபத்தெட்டு வருஷத்து விஸ்கி பாதி தாடியில் வழிந்தது. பாதி தொண்டையில் மோதியது. பிடித்துக்கொண்டது இருமல்.

மாசிலாமணி ஓடிப்போய் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். இருமல் அடங்கியதும், 'மா' என்று எழுதிய தன் கிளாஸை, மிச்சமிருந்த விஸ்கியோடு அவர் கையில் கொடுத்தார்.

"எச்சில் பண்ணுங்க, சம்பந்தி."