இறங்காத சவாரி

முன்னொரு காலத்தில் மருதவேலி நாட்டை வேழமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. தன்னைப் பார்த்து யாராவது சிரித்துவிட்டால் மட்டும் அவனுக்குத் தாங்காது.

அவனை இருபது வருடம் சுமந்த குதிரைக்குக் கருக்கல் என்று பெயர். வயதாகி அதன் முதுகு குழிந்துவிட்டது. பல் தேய்ந்து, ஊறவைத்த கொள்ளை மட்டும்தான் அதனால் மெல்ல முடிந்தது. அரசன் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பொன்வண்டு என்ற இளங்குதிரையில் ஏறத் தொடங்கினான்.

ஓய்வு என்றால் என்ன என்று கருக்கலுக்கு யார் சொல்வது? தினமும் விடிந்ததும் அது லாயத்திலிருந்து மெதுவாக நடந்து வரும். அரண்மனை வாசலில் அரசன் கால்வைத்துக் குதிரை ஏறுவதற்கென்று ஒரு கல் உண்டு. அந்த ஏறுகல்லை ஒட்டி, இடப்பக்கத்தைக் காட்டி நின்றுகொள்ளும். பொன்வண்டு நிற்க இடமிருக்காது. அரசன் தரையிலிருந்தே தொற்றி ஏறவேண்டியதாயிற்று. ஒருநாள் கால் வழுக்கி அவன் சேணத்தைப் பிடித்துத் தொங்கியபோது, காவலர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கருக்கலைக் கட்டிவைக்க வேண்டாம் என்று முன்பு சொன்னவர் அமைச்சர் நம்பிக்கூத்தர். அமைச்சரைக் கண்டாலே ஆகாதவர் கேசவராயர் என்ற சபையோர் தலைவர். இதுதான் சமயம் என்று அவர் எழுந்தார். கிழக்குதிரையால் அரசருக்கு அவமானம், அதை எல்லைக் காட்டில் விட்டுவிடலாம் என்றார்.

அந்தக் காட்டில் சிறுத்தை உண்டு, பல் தேய்ந்த குதிரை ஒரு வாரம்கூடத் தாங்காது என்றார் அமைச்சர்.

அரசன் யோசித்தான். "இரண்டு நாள் தருகிறேன். அதன்மேல் கயிறும் படக்கூடாது, கம்பும் படக்கூடாது. அதுவாகவே ஏறுகல்லை விட்டுப் போகவேண்டும். போகாவிட்டால் காடுதான்."

அமைச்சருக்கு எதற்கு இரண்டு நாள், முதல் நாளிலேயே தான் முடித்துக்காட்டுவதாக ராயர் மார்தட்டினார்.

மறுநாள் அவர் தூரத்தில் கரும்புத் தோகையைக் குவித்துவைத்தார். கருக்கல் போனது, முடிந்தவரை மென்றது, திரும்பி வந்து ஏறுகல்லருகே நின்றது. சரி, பயமுறுத்தலாம் என்று முரசுக்காரர்களை அழைத்து அதன் காதருகே அடிக்கச் சொன்னார். எத்தனையோ போர்முரசு கேட்ட குதிரை அது. காதைத் தூக்கிக்கொண்டு இன்னும் நிமிர்ந்து நின்றது. மிரண்டது பொன்வண்டுதான். முதுகிலிருந்த அரசனோடு தோட்டத்துக்குள் பாய்ந்து, அவனை வாழைமரங்களுக்கு நடுவே இறக்கிவிட்டு வந்தது.

இரண்டாம் நாள் அமைச்சர் கருக்கலின் பழைய சேணத்தை எடுத்துவந்து அதன் முதுகில் மெதுவாக வைத்துத் தோல்வாரைக் கட்டினார்.

"கிழத்தின் மேல் மறுபடியும் சுமையா, அமைச்சரே? கூத்து நன்றாக இருக்கிறது" என்றார் ராயர்.

அமைச்சர் அவருக்குப் பதில் சொல்லாமல் அரசன் பக்கம் திரும்பினார். "அரசே, சவாரி முடிந்து இறங்குங்கள்."

"ஏறவே இல்லையே, எப்படி இறங்குவது?"

"இருபது வருடம் இறங்கியதும் என்ன செய்வீர்கள்? யாரையும் தொடவிடாமல் நீங்களே வாரை அவிழ்ப்பீர்கள். முதுகை இரண்டு தடவை தடவி, ஒரு வெல்லக்கட்டி கொடுத்து, 'போதும்டா, போ' என்பீர்கள். அதற்குப் பிறகுதான் இது லாயத்துக்குப் போகும். பொன்வண்டு வந்த அன்று என்ன நடந்தது? வந்த மகிழ்ச்சியில் இதன் முதுகிலிருந்து குதித்து, நேரே அதன்மேல் ஏறிப் போய்விட்டீர்கள். வாரை வேறு யாரோ அவிழ்த்தார்கள். இதன் கணக்கில் அந்தச் சவாரி இன்னும் முடியவில்லை. அதனால்தான் உங்களுக்காகக் காத்து நிற்கிறது."

அரசன் அருகில் போய் வாரை அவிழ்த்தான். சேணத்தை இறக்கினான். குழிந்த முதுகைத் தடவிய கை இரண்டு தடவையோடு நிற்கவில்லை. அமைச்சர் நீட்டிய வெல்லத்தை வாங்கி ஊட்டினான்.

"போதும்டா, போ."

கருக்கல் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. தலையை ஒருமுறை உதறிவிட்டுத் திரும்பி, தானாக லாயத்தை நோக்கி நடந்தது. பொன்வண்டு ஏறுகல்லருகே வந்து நின்றது.

ராயர் விடவில்லை. நாளைக்கும் இது வருமே, அரசர் தினமுமா இப்படிச் செய்துகொண்டிருப்பார் என்று கேட்டார்.

"இருபது வருடத்தில் ஒருநாளாவது அது 'தினமுமா' என்று கேட்டதா, ராயரே?" என்றான் அரசன்.

நம்பிக்கூத்தருக்கு அரசன் தன் தோளில் இருந்த பட்டுச் சால்வையைப் போர்த்தினான். ராயருக்கும் ஒரு பொறுப்புக் கொடுத்தான். கருக்கலுக்குக் கொள்ளை ஊறவைத்து, பதம் சரியா என்று மென்று பார்த்து, காலையில் அவரே கொண்டுவர வேண்டும்.

அன்றுமுதல் அரசனின் ஒவ்வொரு சவாரியும் பழைய குதிரையிலிருந்து இறங்கித்தான் தொடங்கியது. காவலர்கள் அதைப் பார்த்து ஒருநாளும் சிரிக்கவில்லை. கொள்ளுக் கூடையோடு ராயர் வரும்போது மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.